திரையில் ஆலைநகரும் அலைசூழ் தீவும்



திரைப்படக் கலை கண்விழித்த இடம் ஒரு தொழிற்சாலையின் வாயில் என்றால் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். 1895ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரிலே, லூமியேர் சகோதரர் தம் சொந்தத் தொழிற்சாலையின் கதவு திறந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியைப் படம் பிடித்தனர். பெண்கள் கூட்டமாக வருகின்றனர். ஆடவர் சிலர் துவிச்சக்கர வண்டியில் வருகின்றனர். இடையே ஒரு நாயும் ஓடுகின்றது. ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரமே ஓடும் அச்சிறு படம், அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரிற் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் கண்ட படங்களுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுகின்றது.

அப்படத்தில் ஒரு குறிப்பு அடங்கியுள்ளது. வேலை முடிந்து வெளியே வரும் மனிதரை நாம் காண்கின்றோம். அவர்கள் உள்ளே செய்த வேலையை நாம் காண்பதில்லை. கதவு திறக்கின்றது; மனிதர் வருகின்றனர்; கதவு மூடுகின்றது. பின்னர் நூற்றுமுப்பது ஆண்டுகளாகத் திரைப்படம் கைத்தொழில் நகரங்களை நோக்கிய நோக்கிலே இக்கதவு பல தடவை திறந்தும் பல தடவை மூடியும் வந்திருக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதனோடு நம் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு உள்ள தொடர்பையும் எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் ஆலைநகரத்தோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. நகரத்தை வியந்த அதே கண்தான் தீவையும் நோக்கியது. நகரத்தைப் பற்றி அது மறந்தவை எவையோ, தீவைப் பற்றியும் ஏறக்குறைய அவற்றையே அது மறந்தது. அன்றியும், தீவு மக்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இன்று வாழ்வது அந்நிய தேசத்து ஆலைநகரங்களின் ஓரங்களிலேயாம்.

முதலில் மேனாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று பிரிட்ஸ் லாங் இயற்றிய ‘மெட்ரோபொலிஸ்’. வருங்காலத்து மாநகர் ஒன்றைக் கற்பனையாகக் காட்டும் கதைப்படம் அது. மேலே வானளாவிய மாடங்களிற் செல்வர் வாழ்கின்றனர். நிலத்தின் கீழே தொழிலாளர் தலை குனிந்து, அணிவகுத்து, இயந்திரங்களுக்கு ஏவல் செய்யப் போகின்றனர். மற்றையது வால்டர் ருட்மன் ஆக்கிய பெர்லின் நகரைப் பற்றிய விவரணப் படம். புலரிப் பொழுதிற் புகையிரதம் ஒன்று நகரினுட் புகுவதோடு அது தொடங்குகின்றது, ஆலைகள் விழிக்கின்றன, சக்கரங்கள் சுழல்கின்றன, இரவின் ஒளி விளக்குகளோடு அது முடிகின்றது. நகரின் ஒரு நாளை இசைக்கோலம் போல அமைத்துக்காட்டும் படங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. அங்கே கதாநாயகன் நகரமே. மனிதன் அந்நகரத்து உறுப்புகளுள் ஒன்று.

1931இல் சோவியத் நாட்டு ஷீகா வெர்ட்டோவ், தொன்பாஸ் நிலக்கரிப் பிரதேசத்துக்குச் சென்று, சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் எழுந்த ஓசைகளை நேரே ஒலிப்பதிவு செய்து ஒரு பேசும்படம் ஆக்கினார். ஆலையின் இரைச்சலை இசையாகக் கேட்கச் செய்தமை அவருடைய புதுமை. ஐந்தாண்டு கழித்து 1936இல், சார்லி சப்ளின் ‘மாடர்ன் டைம்ஸ்’ என்னும் படத்தில் அதே இயந்திரத்தை வேறொரு கோணத்தில் நின்று பார்த்தார். ஓடும் பட்டையின் முன்னே நின்று திருகாணி முடுக்கும் தொழிலாளி, வேலை நின்ற பின்னும் கைகளை நிறுத்த இயலாமல் திருகிக்கொண்டே போகின்றான். பார்த்தோர் சிரித்தனர், ஆயினும் அச்சிரிப்பில் ஒரு கசப்பு இருந்தது. ஆலையின் கதவை உட்புறமிருந்து திறந்து காட்டியவருள் சப்ளின் ஒருவர் என்பதை மறுத்தல் அரிது.

நம் அயலான பாரதத்திலே 1953இல் பிமல் ராய் ‘தோ பீகா சமீன்’ என்னும் இந்திப் படத்தை ஆக்கினார். ஆலை ஒன்று எழுப்புவதற்காகத் தன் சிறு நிலத்தை இழக்கும் நிலையை அடைந்த உழவன், கடன் தீர்க்கக் கல்கத்தா நகருக்குச் சென்று ரிக்‌ஷா இழுக்கின்றான். ஈற்றில் அவன் திரும்பி வரும்போது, அவன் நிலத்தில் ஆலை எழுந்துகொண்டிருக்கின்றது. ஒரு பிடி மண்ணை அள்ளவும் காவலாளி அவனை விடுவதில்லை. கைத்தொழில் நகரம் என்பது யாரோ ஒருவன் விட்டுவந்த ஊரின் மேலே நிற்கின்றது என்னும் உண்மையை இப்படம்போல் எளிமையாகக் கூறியவை சிலவே.

இனித் தீவுக்கு வருவோம். நகரத்தின் புகையிலும் ஓசையிலும் சலித்த கண், இளைப்பாறத் தீவுகளை நாடிற்று. 1934இல் ரொபேர்ட் பிளாகர்ட்டி, அயர்லாந்தின் மேற்கே உள்ள அரன் தீவுகளைப் பற்றி ஒரு படம் ஆக்கினார். பேரலைகளோடு போராடும் மீனவரையும், பாறையின் மேல் கடற்சாதாழையைப் பரப்பி மண் தேடிப் பயிர் செய்யும் குடும்பத்தையும் அது வியக்கத்தக்க முறையிற் காட்டுகின்றது. ஆனால் அதிலே வரும் பெருஞ்சுறா வேட்டையை அத்தீவினர் கைவிட்டுப் பல்லாண்டுகள் கடந்திருந்தன. படத்துக்காக அவர்களுக்கு அத்தொழிலை மீண்டும் கற்பிக்கவேண்டியதாயிற்று. தீவு மக்களை அவர்கள் இருந்தபடி பாராமல், நகரத்தார் காண விரும்பிய பழமையின் உருவாகப் பார்க்கும் போக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான வழியும் அக்காலத்திலேயே இருந்தது. விவரணப் படத்துக்குரிய ஆங்கிலப் பெயரை 1926இல் எழுத்தில் வழங்கியவர் ஸ்கொத்லாந்து தேசத்து ஜோன் கிரியர்சன். அவர் 1929இல் வடகடலின் மீன்பிடியைப் பற்றி ஆக்கிய படத்திலே, வலை வீசுதலோடு கதை முடிந்துவிடுவதில்லை. நீராவிப் படகின் இயந்திர அறையும், துறைமுகத்து ஏலமும், மீன் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வெளியூர் செல்லுதலும் அங்கே காட்டப்படுகின்றன. மீனவனும் ஒரு கைத்தொழில் உலகின் தொழிலாளியே என்பது அவர் கருத்து. இக்கருத்து நம் தீவுகளுக்கு மிகப் பொருந்துவதாகும்.

இலங்கைக்கு வந்த பெரும் விவரணப் படம் கிரியர்சனின் மாணாக்கராகிய பசில் ரைட் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக 1934இல் எடுக்கப்பட்டு, 1935இல் பிரசல்சு நகரத் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை நம் நாட்டுக் கலைஞர் லயனல் வெண்ட் தம் குரலால் அதில் வாசிக்கின்றார். அதன் மூன்றாம் பகுதியை வானொலி நேயராகிய நீங்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். ஏனெனில் அதன் ஆற்றல் செவியைச் சார்ந்தது. கண்முன்னே ஒருவன் தென்னை மரத்தில் ஏறுகின்றான். யானை ஒன்று மரத்தைத் தள்ளுகின்றது. காதிலோ தொலைபேசி மணியும், தந்தியின் தட்டோசையும், சந்தை விலை கூறும் குரல்களும், கப்பல் ஏற்றுமதிக் குறிப்புகளும் கேட்கின்றன. தொலைதூரத்து மாநகரின் வணிகம், கண்ணுக்குத் தோன்றாமல், அம்மனிதனின் உழைப்பை ஆட்டிவைக்கின்றது. ஒரு சட்டத்துள் ஊரையும் நகரையும் சேர்த்துவைத்த அந்த உத்தி இன்றும் பழமையடையவில்லை. ஆயினும் அப்படத்தின் உள்ளம் சிவனொளிபாதமலையிலும் மலைநாட்டிலும் பொலநறுவையிலுமே தோய்ந்து நின்றது. வட கடலின் தீவுகள் அவ்வுத்தி தமக்கென வருமென்று காத்திருக்க வேண்டியவையாயின.

1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு கொழும்பிலே நிறுவப்பட்டது. இத்தாலியராகிய ஜூலியோ பெட்ரோனியும் பெடரிக்கோ செராவும், பின்னர் ஆங்கிலேயர் ரால்ப் கீனும் அதில் நம்மவரைப் பயிற்றினர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் போன்ற பெருங்கலைஞர் அங்கிருந்தே புறப்பட்டனர். ஜோர்ஜ் விக்கிரமசிங்க நீர்கொழும்பு மீனவரைப் பற்றி ஆக்கிய படமும், பீரிஸ் 1954இல் வரண்ட பிரதேசத்து மலேரியா ஒழிப்பைப் பற்றி ஆக்கிய படமும் அப்பிரிவின் பெயர்பெற்ற முயற்சிகளுட் சில. சுதந்திரம் பெற்ற நாடு தன்னைத்தானே பார்க்கத் தொடங்கிய காலம் அது.

இத்தகைய பார்வைக்கு ஊர்காவற்றுறை எவ்வளவு பொருத்தமான பொருள் என்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள். போர்த்துக்கீசர் அத்துறைக்கு வழங்கிய பெயரில் ‘காயிஸ்’ என்ற சொல் இருந்தது. இறங்குதுறை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இன்றும் ‘கயிட்ஸ்’ என வழங்குவது அதன் திரிபே. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் அத்துறையிற் கப்பலேறின. ஆகவே அதனை யானைத்துறை என்றே அவர்கள் அழைத்தனர். வாயிலிலே கடற்கோட்டை, அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் சுங்கத் துறையாக விளங்கி, தென்னிந்தியத் துறைகளோடு பாய்க்கப்பல் வணிகம் நடத்தியது அவ்வூர். மரம் அறுப்போர், பாய் தைப்போர், கயிறு முறுக்குவோர், கணக்குப் பதிவோர், சுமை தூக்குவோர், மாலுமிகள் எனப் பல தொழிலாளர் கூடிய இடம் அன்றோ துறைமுகம்? புகைபோக்கி இல்லாததால் அதனைக் கைத்தொழில் இடம் அன்று என்று கூறுதல் பொருந்தாது. வட கரையின் கப்பற்கலை எத்தகையது என்பதற்கு, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தமை ஒன்றே போதும். காரைநகரிலே ‘சீநோர்’ நிறுவனத்தின் படகுக் கட்டுந்துறை நோர்வே மக்களின் உதவியோடு எழுந்து, கண்ணாடி நாரிழைப் படகுகளைக் கட்டியது. இன்று நம் கரைகளில் மரவள்ளங்களைவிட அத்தகைய படகுகளே மிகுதியாக நிற்கின்றன என்றால், அது ஒரு சிறு கைத்தொழிற் புரட்சியே.

இவ்வளவும் இருந்தும், நம் தீவுகள் திரையிலே தோன்றும்போது பெரும்பாலும் எவ்வாறு தோன்றுகின்றன? நெடுந்தீவின் குதிரைகள், பவளக்கல் வேலிகள், பெருக்குமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரமும் நாகவிகாரையும், மாலைச் சூரியன். இவை யாவும் உண்மையே, அழகியனவே. இவற்றைக் காட்டுவது குற்றமன்று. ஆனால் குதிரையைக் காட்டும் கண், குடிநீருக்கு அலையும் மக்களைக் காட்டுவதில்லை. பவளக்கல் வேலியைக் காட்டும் கண், அவ்வேலிக்குட் பூட்டிக்கிடக்கும் வீட்டின் உரிமையாளன் எங்கே போனான் என்று வினவுவதில்லை. பழைய கடற்கோட்டையும் இன்று கடற்படையினர் நடத்தும் விடுதியாகிப் பயணிகளின் படப்பிடிப்புக்கு உரியதாயிற்று. அரன் தீவில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்கின்றது: மனிதரை நீக்கிய ஓர் அழகு.

இந்நிலைக்கு ஒரு விலக்காக நிற்பது ‘வாடைக்காற்று’ என்னும் திரைப்படம். செங்கை ஆழியான் என்னும் புனைபெயர் பூண்ட க. குணராசா எழுதி, 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த நாவல் அதற்கு மூலம். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் 1978இல் அது திரைக்கு வந்தது. வாடைக் காலத்திலே நெடுந்தீவுக் கரைக்கு வந்து, வாடியமைத்து மீன்பிடிக்கும் தொழிலாளரின் வாழ்வும், அவர்க்கும் தீவினருக்கும் இடையே எழும் நேசமும் பகையும் அதன் பொருள். நம் தேசத்துத் தமிழ்ப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்துக்கு எதிரே நீந்தவேண்டியிருந்த காலம் அது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றிய பின் ஓரளவு வாய்ப்புப் பிறந்தது. அவ்வாண்டிலே கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கு’ என்னும் படத்தையும், பின்னர் தர்மசேன பத்திராஜா ‘பொன்மணி’ என்னும் படத்தையும் யாழ்ப்பாண மண்ணை நம்பி ஆக்கினர். அவ்வரிசையிலே ‘வாடைக்காற்று’ கடலோரத்தின் குரலாயிற்று.

அக்கதையின் பெயரிலேயே அதன் சிறப்பு அடங்கியுள்ளது என்பேன். பெர்லின் நகரத்துப் படத்திலே பொழுதை ஆள்வது ஆலையின் மணிக்கூடு. நம் தீவுகளிலே பொழுதை ஆள்வது காற்று. வாடை எழுந்தால் ஒரு கரையிலே தொழில். சோளகம் எழுந்தால் மறுகரையிலே தொழில். ஆலைச்சங்கு ஊதியதும் தொழிலாளர் வாயிலை நோக்கி விரைவது போல, காற்றுத் திரும்பியதும் மீனவர் வலையும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு புறப்படுகின்றனர். தீவு வாழ்வு காலத்துக்கு அப்பாற்பட்ட ஓய்வு அன்று. அதற்கும் முறைமாற்றமும், கூலியும், முதலாளியாகிய சம்மாட்டியும், கடனும், சந்தையும் உண்டு. இதனை ஒரு கதையின் போக்கிலே உணர்த்தியமையால் அந்நாவலும் படமும் வரலாற்றாசிரியனுக்கும் பயன்படுவனவாகின்றன.

அதன் பின்னர் வந்த காலத்தை நேயர்கள் அறிவீர்கள். 1985 மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ப் படகிலே பயணிகள் பலர் கொலையுண்டனர். 1990ஆம் ஆண்டை அடுத்து வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். முன்னரே கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பழகிய தீவு மக்கள், இப்பொழுது பாரிசு, இலண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ ஆகிய நகரங்களின் ஓரங்களிற் குடியேறினர். நெடுந்தூரத்து ஆலைநகரம் தீவின் மறுகரையாயிற்று.

அம்மறுகரையையும் திரை காட்டியது. 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவிலே தலைமைப் பரிசாகிய பொற்பனை, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியார் ஆக்கிய ‘தீபன்’ என்னும் படத்துக்குக் கிடைத்தது. அதன் கதாநாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி என்னும் பெயரால் நாவல்கள் எழுதும் அன்ரனிதாசன் ஜேசுதாசன். வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியிற் பிறந்தவர். உலகின் மிகப் பெரிய திரைமேடை ஒன்றிலே தமிழ் பேசிய முகம் நம் தீவுகளின் முகம் என்பது பெருமைக்குரியதே. போரில் தோற்ற வீரன் ஒருவன், இறந்தோரின் கடவுச்சீட்டைக் கொண்டு, முன்பின் அறியாத ஒரு பெண்ணையும் சிறுமியையும் தன் குடும்பமென்று காட்டிப் பிரான்சு சேர்கின்றான். நகர்ப்புறத்து மாடிக் குடியிருப்பு ஒன்றிற் பராமரிப்பாளனாக வேலை பெறுகின்றான். இது கதை.

படம் பெரும்பாலும் எடுக்கப்பட்ட இடம் பாரிசுக்கு அண்மையிலுள்ள புவாசி நகரத்தின் லா கூட்ரே என்னும் குடியிருப்பு. மோட்டார் வாகனத் தொழிற்சாலையால் வளர்ந்த நகரம் புவாசி. அத்தொழிற்சாலையின் தொழிலாளர் வதிவதற்கென்றே 1960களில் அக்குடியிருப்பு எழுந்தது. ஆனால் படத்தைப் பார்ப்போர் தொழிற்சாலையைக் காண்பதில்லை. போதைப்பொருள் விற்கும் கும்பல்களையும் துப்பாக்கிச் சண்டையையுமே காண்கின்றனர். பிரான்சிலே விமர்சகர் சிலர் இதனைக் கண்டித்ததுண்டு. நகரத்தின் ஓரம் என்பது அச்சத்தின் இருப்பிடம் மாத்திரமே என்னும் எண்ணம் இதனால் உறுதிப்படுகின்றது என்பது அவர்தம் குறை. அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் மதித்தல் வேண்டும். அப்பராமரிப்பாளன் படியைக் கூட்டுவதையும், பழுதடைந்தவற்றைச் செப்பனிடுவதையும், கடிதங்களைப் பிரிப்பதையும் படம் பொறுமையாகக் காட்டுகின்றது. ஏதிலியின் துயரத்தைக் காட்டிய படங்கள் பல. அவன் வேலையைக் காட்டியவை சில. அவ்வளவிலே லியோன் நகரத்தில் மூடிய கதவு ஒரு சாண் அளவு திறந்தது எனலாம். இடையே அவன் கனவில் இலைகளினூடே ஒரு யானை தோன்றி மறைகின்றது. யானைத்துறை என்ற பெயரை அறிந்த காதுகளுக்கு அக்காட்சி வேறொரு பொருளையும் தருகின்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? ஆலைநகரைக் காட்டிய திரை, இயந்திரத்தின் பேருருவில் மயங்கி மனிதனைச் சிறுக்கச் செய்தது. அல்லது குற்றத்தின் இருளில் அவனை மறைத்தது. தீவைக் காட்டிய திரை, இயற்கையின் அழகில் மயங்கி அவனை அறவே விட்டுவிட்டது. இரண்டிலும் இழந்தது உழைப்பாளியின் முகமே. இது கலையைப் பற்றிய வாதம் மாத்திரமன்று. புவாசியிலோ ஒஸ்லோவிலோ பிறந்து வளரும் பிள்ளை, தன் பாட்டனாரின் தீவைப் பெரும்பாலும் அசையும் படத்தின் வழியாகவே அறிகின்றது. குதிரையும் கோபுரமும் மாத்திரம் அதற்குக் காட்டப்படுமாயின், தன் முன்னோர் ஒரு படத்தில் வாழ்ந்தனர் என்றே அது எண்ணும். அவர்கள் கட்டிய தோணியையும், தாங்கிய கடனையும், கடந்த கடலையும் அது எங்கிருந்து அறியும்?

ஆகவே, நம் தீவுகளைப் படம் பிடிக்க வரும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். குறிகட்டுவான் இறங்குதுறையிலே ஒரு நாள் முழுவதும் நில்லுங்கள். விடியற்காலையில் அங்கே அரிசி மூட்டையும், எரிவாயு உருளையும், மருந்துப் பொதியும் படகில் ஏறும். ஆசிரியரும் தாதியரும் யாத்திரிகரும் ஏறுவர். மீன்பெட்டிகள் மறுவழியாய் இறங்கும். நோயாளி ஒருவரைத் தாங்கிப் பிடித்து இறக்குவர். மாலையில் கடைசிப் படகு புறப்படும்போது, அதனைத் தவறவிட்டவர் முகத்தைப் பாருங்கள். ருட்மன் பெர்லினில் தேடிய ஒரு நாளின் இசை அங்கே உண்டு. 2024ஆம் ஆண்டிலே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெறும் திட்டம் ஒன்றுக்கு இந்திய நன்கொடையோடு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வள்ளங்களைச் செலுத்திய வாடைக்கும் சோளகத்துக்கும் இனிப் புதுத்தொழில் ஒன்று வாய்க்கவிருக்கின்றது. அம்மாற்றத்தையும், அதனால் யார் வாழ்வு எவ்வாறு மாறுகின்றது என்பதையும் பதிவு செய்வாருளரோ?

லியோன் நகரத்துத் தொழிற்சாலைக்கு வாயில் அந்தக் கதவு. நம் தீவுகளுக்கு வாயில் இறங்குதுறை. அங்கே வருவோரையும் போவோரையும் பெயரும் தொழிலும் உடைய மனிதராகக் காட்டும் ஒரு படம் வருமாயின், அதனை உலகம் பாராட்டுமோ பாராட்டாதோ, அத்தீவின் பிள்ளைகள் தம்மை அதிலே கண்டுகொள்வர். அதுவே அப்படம் பெறும் பெரும் பரிசாகும்.